எங்க காலேஜுப் பையன்

வாங்க அம்மிணி, வாங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு பக்கமாச் சாயும். ஆடிட்டர் வந்தா சீக்கிரம் எந்திரிச்சுப் போகட்டும்னு வெச்சிருக்கறது. இப்படி ஃபேனுக்கு நேரா உக்காருங்க. சென்னியப்பா, ரெண்டு காப்பி! அம்மிணிக்குச் சக்கரை போட்டே கொண்டா.

உங்க பயோடேட்டா பாத்தேனுங்க. திண்டுக்கல்லு. யுனிவர்சிட்டிக்கு ஆடியிருக்கீங்க, ஸ்டேட்டுக்கு ஆடியிருக்கீங்க, எம்.பி.எட். வேற. எல்லாம் சரிங்க. நான் காகிதத்த ரொம்பப் பாக்கறதில்ல. நான் போர்வெல் வண்டியில கிளீனரா ஏறி, டிரில்லரா ஆகி, சொந்தமா வண்டி வாங்கி, அப்புறம் எங்கம்மா பேருல இந்தப் பாவாயம்மாள் பாலிடெக்னிக்கக் கட்டினவன். பூமிய நம்பி ஏமாந்திருக்கறேன், ஆள நம்பி ஏமாந்ததில்ல. ஒருத்தரப் பாத்தவுடனே உள்ள என்ன இருக்குதுன்னு சொல்லிப்போடுவேன். கிறிசோஸ்தம் விசயத்துல மட்டுந்தான் தப்பிப்போச்சு. அப்புறம் அந்தப் பையன் விசயத்துல. அப்புறம் எங்கூட்டம்மா விசயத்துல. மத்தபடி தப்பினதே இல்ல.

உள்ள வரும்போது கேட்டுல ஃபிளெக்ஸ் பாத்திருப்பீங்களே? பந்தை உதைக்கறானே ஒரு பையன், பக்கத்துல நான் கையக் கும்புட்டுட்டு நிக்கறேனே, அதுதான். ஆமாங்க, என் படம் கொஞ்சம் பெருசாத்தான் இருக்குது. பிரிண்டிங்காரன் பண்ணின வேலை. பையன் பேரு பூவரசன். இன்னைக்குக் கோவாவுல ஒரு பெரிய கிளப்புக்கு ஆடறான். டிவியில காட்டறாங்க. எங்க காலேஜுப் பையன். இங்க நீங்க வேலைக்குச் சேர்ந்தா, அவனப் பத்தி ஆளாளுக்கு ஒரு நாயம் சொல்லுவாங்க. தாளாளர் அப்படிப் பண்ணினாரு, இப்படிப் பண்ணினாருன்னு. அதுக்கு முன்னால நானே சொல்லிப்போடறேன்.

இந்த எடத்துக்குப் பின்னால கெடக்குது பாருங்க கிரவுண்டு, அத வாங்கறப்போ தோட்டம் போடலாம்னுதான் வாங்கினேன். என் வண்டியையே கொண்டாந்து நிறுத்திப் போர் போட்டேன். புழுதி வந்துச்சு. எடம் மாத்திப் போட்டேன். அங்கயும் புழுதி. சத்தீஸ்கர் வரைக்கும் போயி ஊரான் காட்டுக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்தவனுக்குச் சொந்தக் காட்டுல ஒரு சொம்புத் தண்ணி கெடைக்கல. எல்லாக் குழியையும் மூடி, கான்கிரீட் போட்டு, மேல செம்மண் கொட்டி லெவல் பண்ணினேன். சும்மாக் கெடந்துச்சு.

அந்தச் சமயத்துல அட்மிஷன் விழுந்துபோச்சுங்க. மெக்கானிக்கல்ல பாதி பெஞ்சு காலி. சங்ககிரி ரோட்டுல இன்னொருத்தன் காலேஜு வெச்சிருக்கறான், அவன் வாலிபால் டீம் படத்த ஃபிளெக்ஸ் அடிச்சு ரோடு நெடுகக் கட்டிவிட்டான். அந்த வருஷம் அவனுக்கு அட்மிஷன் குமிஞ்சிருச்சு. சரி, நாமளும் ஒரு டீம் வெப்போம்னு உக்காந்து ரோசனை பண்ணினேன். கிரிக்கெட்டுன்னா பேட்டு, கிளவுசு, காலுக்குக் கட்டறது, தலைக்கு மாட்டறதுன்னு சாமான் வாங்கியே சாகோணும். ஃபுட்பால்னா ஒரே ஒரு பந்து. மைதானத்துல இருக்கறவன் அத்தன பேருக்கும் சேத்து ஒரு பந்து. எனக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு.

அப்பத்தான் கிறிசோஸ்தம் வந்தாரு, பி.டி. மாஸ்டரா. கன்னியாகுமரிப் பக்கம், கடற்கரை ஊரு. பழைய பிளேயரு. கறுப்பா, ஒல்லியா, எப்பப் பாரு விசில் ஒண்ணு கழுத்துல தொங்கும். சாப்பிடறப்பக் கூடக் கழட்டமாட்டாரு. வந்த மொத நாளே, பந்து இருவது வேணும்னாரு.

“ஆளுக்கு ஒரு பந்தா? எல்லாரும் ஒட்டுக்கா ஆடட்டும்னுதானுங்க ஒண்ணு வாங்கி வெச்சிருக்கறேன்?”ன்னு கேட்டேன்.

“பந்தத் தொட்டுப் பழகினாத்தான் ஐயா ஒட்டுக்கா ஆட முடியும்”னாரு. வாங்கிக் குடுத்தேன். அடுத்த வாரம் வந்து, பசங்களுக்குத் தெனமும் முட்டை வேணும்னாரு. நான் மூஞ்சியச் சுளிச்சேன். “நாமக்கல் ஜில்லாவுல உக்காந்துட்டு முட்டைக்கு ரோசனை பண்றீங்களே ஐயா”ன்னாரு. ரோசம் வந்துருச்சுங்க. காலையில ரெண்டு, பொழுதோட ரெண்டுன்னு குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் அது நிக்கல. ஆரு வேணும்னாலும் மெஸ்ஸுல போயிக் கேட்டுக்கலாம்.

அவரு சேத்துக்கிட்டு வந்த பசங்களப் பாத்தா உங்களுக்கே சிரிப்பு வரும். ஒருத்தன் குட்டை. ஒருத்தன் கோவக்காரன், ரெண்டு காலேஜுல சேத்து வெளிய அனுப்பிப்போட்டாங்க. இன்னொருத்தன் நல்லா ஆடுவான், ஆனா பத்தாவதுல இங்கிலீசு மூணு தடவ போயிருச்சு. எங்கியும் எடங் கெடைக்காததுக. “இதுகள வெச்சா கப்பு வாங்கப் போறீங்க?”ன்னேன். “கப்பப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலீங்களே ஐயா”ன்னாரு. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும்.

மொத வருஷம் மண்டலப் போட்டியில அடிச்ச அடி இருக்குதே, கோல எண்ணறதுக்கே ஆளு வெக்கோணும் போல இருந்துச்சு. எல்லாம் நாம வாங்கினதுங்க, போட்டதில்ல. அதுக்கென்ன, நான் ஃபிளெக்ஸ் அடிச்சேன். ‘மண்டலப் போட்டியில் பங்கேற்ற எங்கள் வீரர்களை வாழ்த்துகிறோம்’னு. பங்கேத்தது பொய்யில்லையே? ஸ்கோரு என்னன்னு ஒரு பெத்தவங்களும் கேக்கல.

ரெண்டாம் வருஷந்தான் பூவரசன் வந்தான். பள்ளிபாளையத்துல மாரியம்மன் நோம்பிக்கு டோர்னமெண்ட் நடத்துவாங்க, அதுல ஆடறதக் கிறிசோஸ்தம் பாத்திருக்கறாரு. அப்பன் இல்ல, அம்மா தறிப்பட்டறையில வேலை. பன்னெண்டாவது முடிச்சிருந்தான், நேரா ரெண்டாம் வருஷத்துலயே சேத்துக்கிட்டோம். என் முன்னால கொண்டாந்து நிறுத்தினாங்க. பையன் என்னமோ நோஞ்சானா, காது ரெண்டும் வெளிய நீட்டிட்டு நின்னான். “என்னடா சாப்பிடுவ?”ன்னேன். “எது குடுத்தாலுங்க”ன்னான். மெஸ்ஸுக்காரன் பாவம், அந்தப் பேச்சோட அர்த்தம் அவனுக்குத்தான் தெரியும்.

அன்னைக்கே கிறிசோஸ்தம் சொன்னாரு: “ஐயா, இவன் ஒரு வருஷந்தான் நம்மகிட்ட இருப்பான்.”

“ரெண்டு வருஷப் படிப்புங்களே?”

“பெரிய காலேஜு கூப்பிட்டுரும் ஐயா.”

“கூப்பிடட்டுமே. அனுப்பறது நாமதான?”ன்னேன். அவரு சிரிச்சாரு. ஒத்துக்கிட்டாருன்னு நெனச்சேன்.

காப்பி வந்துருச்சு, எடுத்துக்கங்க.

அந்த வருஷம் பொழுதோட ஆனா நான் கிரவுண்டுப் பக்கம் போவேன். ஆட்டம் பாக்க இல்லீங்க. ஓரத்துல வேப்பங்கன்னு வெச்சிருந்தேன், அதுக்கு லாரித் தண்ணியில சொட்டுநீர் பைப்பு ஓடுது, எவனாச்சும் மிதிச்சுப்போடுவானோன்னு காவலுக்கு. சென்னியப்பன் சேரு கொண்டாந்து போடுவான், கொடை புடிப்பான். அப்படியே கண்ணுல படறதுதான் ஆட்டம். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. ஆனா இந்தப் பையங்கிட்டப் பந்து வந்துச்சுன்னா, எதுத்தாப்புல நிக்கறவன் தப்பான எடத்துல நின்னுட்டு இருப்பான். அவன் சரியான எடத்துக்கு வர்றதுக்குள்ள இவன் இடது காலால அந்தால தள்ளிவிட்டுப் போயிருப்பான். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நான் எந்திரிச்சு நின்னு, “அடிடா! அடிடா!”ன்னு கத்துவேன். கோலுக்கு இன்னும் அரைக் கிரவுண்டு இருக்கும். கிறிசோஸ்தம் திரும்பி, “ஐயா, கொஞ்சம் உக்காருங்க”ம்பாரு. மறுபடியும் எந்திரிச்சிருவேன். பைப்பு மேல அத்தன அக்கறைங்க எனக்கு.

மண்டலத்துல ஜெயிச்சோம் அம்மிணி! வாலிபால்காரன் காலேஜையும் சேத்து எல்லாரையும். அப்புறம் மாநிலப் போட்டி, திருச்சியில. வேலையெல்லாம் போட்டுட்டு ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கார் எடுத்துட்டுப் போனேன். அரையிறுதி வரைக்கும் வந்துட்டோம். அந்த அரையிறுதியில, ஆட்டம் முடியற நேரம், பூவரசன் ஒரே ஓட்டமா ஓடி உள்ள தள்ளிவிட்டான். கோல்! நான் பக்கத்துல இருந்தவனக் கட்டிப் புடிச்சுட்டேன். பாத்தா, ஓரத்துல ஒருத்தன் கொடியத் தூக்கிட்டு நிக்கறான். ஆஃப்சைடாமா. கோலு இல்லியாமா.

அது என்ன சட்டமுங்க? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. எல்லாருக்கும் முன்னால எவன் ஓடறானோ அவனப் புடிச்சு நிறுத்தறதா? தெறமை இருக்கறவன் முன்னால போறான், போக விடு. நீ ஓட முடியலைன்னா அது உன்ற தப்பு. கொடியத் தூக்கி நிறுத்தறதுக்கு நீ ஆரு? கிரவுண்டுக்குள்ள எறங்கிப் போயி ரெஃபரிகிட்ட இதையேதான் கேட்டேன். வெளிய கொண்டாந்து விட்டுட்டாங்க. அந்த அநியாயம் இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பொறுக்கல.

தோத்துட்டோம். பசங்க எல்லாம் வெசனமா உக்காந்திருந்தானுங்க. அந்த நேரத்துல மெட்ராஸ்காரர் ஒருத்தர் வந்து எனக்குக் கை குடுத்தாரு. பெரிய காலேஜு, பேரு வேண்டாம், அங்க கோச்சாமா. பூவரசனப் பத்தியே கேட்டுட்டு இருந்தாரு. எனக்குப் பெருமையாப் போயி, சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் குடுத்தேன் அந்த ஆளுக்கு. எங்கையால வாங்கிக் குடுத்தேன்! குடிச்சு முடிச்சுட்டுச் சொல்றாரு, “பையன இந்த வருஷமே எங்ககிட்ட அனுப்பிருங்க. டிகிரி சீட்டு, ஹாஸ்டல், எல்லாம் நாங்க பாத்துக்கறோம். எங்க பசங்க ஆடறதப் பாக்கக் கிளப்புக்காரங்க வருவாங்க”ன்னு.

“அடுத்த வருஷம் கப்போட படிப்ப முடிச்சுட்டு வருவான், அப்பப் பாக்கலாமுங்க”ன்னு சிரிச்சுட்டே சொல்லிட்டு வந்துட்டேன்.

ஊருக்கு வந்த மறுநாள் கிறிசோஸ்தம் இந்த ரூமுக்கு வந்தாரு. நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் நின்னாரு. உக்காருங்கன்னா உக்காரல.

“ஐயா, பையனுக்கு டிசி குடுத்துருங்க. மெட்ராஸ்ல அட்மிஷன் முடியப் போகுது.”

“படிப்ப முடிக்கட்டுமுங்க. பாதியில எப்படி அனுப்பறது?”

“படிப்புக்காகவா ஐயா நிறுத்துறீங்க? போன செமஸ்டர்ல அவன் எதுல ஃபெயிலுன்னு தெரியுமா உங்களுக்கு?”

“அது அவனுக்கே தெரியாது”ன்னேன். அவரு சிரிக்கல.

“இவனுக்கு இப்ப வயசு பத்தொம்பது ஐயா. ஃபுட்பால்ல ஒரு வருஷங்கறது பெரிய விசயம். நானும் இப்படித்தான் ஒரு வருஷம் பொறு, ஒரு வருஷம் பொறுன்னு ஒரு கம்பெனி டீம்லயே நின்னுட்டேன். நம்ம காலேஜு பஸ் ஸ்டாப்பு மாதிரி. வர்றவன் ஏறிப் போகணும். அதுக்குத்தான் நாம இருக்கோம்.”

எனக்குக் கோவம் வந்துருச்சு. “என் காசுல ஸ்டாப்பக் கட்டி, நெழலுக்குத் தகரம் போட்டு, முட்டையும் குடுத்து, ஏறிப் போறவனுக்கு நான் டாட்டா காட்டோணுமா?”ன்னேன்.

“ஆமாங்கய்யா”ன்னாரு.

கொஞ்சமாச்சும் தயங்கியிருந்தாக் கூடப் பரவால்ல. ஆமாங்கய்யாவாம்! டிசி கெடையாதுன்னுட்டேன். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் எங்கூட்டுப் பீரோவுல வெச்சுப் பூட்டினேன். ஒரு சாவி எங்கிட்ட, இன்னொண்ணு எங்கூட்டம்மாகிட்ட. அந்த வாரமே கிறிசோஸ்தம் ராஜினாமாப் பண்ணிட்டாரு. பந்து இருவதையும் காத்தடிச்சு, தொடைச்சு, எண்ணி ஒப்படைச்சுட்டு, விசில மட்டும் கழுத்துலயே போட்டுட்டுப் பஸ் ஏறிட்டாரு. நல்ல மனுசன்தான், பேச்சுத்தான் ஆகாது.

அடுத்த ஞாயித்துக்கெழமை காலையில பையன் எங்கூட்டுக்கே வந்துட்டான். எங்கூட்டம்மா பேரு சம்பூர்ணம். அவளுக்கு ஊருல ஆரு பையன் வந்தாலும் மொதல்ல தட்டப் போட்டு உக்கார வெச்சிரோணும். தோசை ஊத்தினா. பையன் தட்டப் பாத்துட்டே பேசறான்.

“ஐயா, டிசி வேணுங்க.”

“எதுக்கு?”

“மெட்ராஸ் போறேனுங்க.”

“போயி?”

“ஆடுவேனுங்க.”

“இங்க ஆடலையாடா நீ? இங்க உனக்கு என்ன கொறை வெச்சேன்?”

“ஒண்ணும் இல்லீங்கய்யா.”

“அப்ப ஒரே ஒரு வருஷம். எனக்குக் கப்பு வாங்கிக் குடுத்துட்டுப் போ. நானே கார்ல கொண்டு போயி மெட்ராஸ்ல விடறேன்.”

தோசைய ஒரு விள்ளல் பிச்சான். அப்புறம், “சரிங்கய்யா”ன்னான். எந்திரிச்சுக் கையக் கழுவிட்டு, கும்புட்டுட்டுப் போயிட்டான். எத்தன மருவாதி பாருங்க! ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. விசயம் தீந்துபோச்சுன்னு நான் பேப்பரப் பிரிச்சேன். சம்பூர்ணம் தோசைக் கரண்டியோட சமையல்கட்டு வாசல்ல நின்னுட்டு, அவன் போறதையே பாத்துட்டு இருந்தா.

“அந்தப் பையன் ரெண்டு தோசைக்கு மேல எறங்கலீங்க”ன்னா.

“வயித்துக்கு ஒத்துக்கலையோ என்னமோ”ன்னேன்.

அவ உள்ள போயிட்டா. அவ அப்படித்தானுங்க, பேசாமயே இருப்பா. அதனாலதான டிரஸ்ட்டுக்கு அவளைச் சேர்மனாப் போட்டேன்! ஆமா, உங்களுக்குத் தெரியாதில்ல? சேர்மன் அவதான். ஆடிட்டர் பண்ணின ரோசனை, வருமானவரிக்கு ஏதோ நல்லதாமா. அவ பேருல டிரஸ்ட்டு, நான் தாளாளரு. கட்டுக் கட்டாக் காகிதம் கொண்டாந்து நீட்டுவேன், எந்த எடத்துலன்னு கேப்பா, வெரல வெச்சுக் காட்டுவேன், போட்டுத் தருவா. கல்யாணத்தப்போ எட்டாவது படிச்சிருந்தா. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.

இது நடந்து கொஞ்ச நாள்ல, சத்தீஸ்கர்ல வண்டி ஒண்ணு பாறையில ராடு மாட்டி நின்னுபோச்சு. நான் ரயிலேறிட்டேன். நான் அங்க கிரீஸக் கையில பூசிட்டு நிக்கறேன், இங்க என்ன நடந்துச்சுன்னா… இத சென்னியப்பன்தான் அப்புறம் சொன்னான். ஏண்டா, நீதான சொன்ன? பாருங்க, சிரிச்சுட்டே ஓடறான்.

சம்பூர்ணம் கார எடுத்துட்டு வந்திருக்கறா. காலேஜு தெறந்ததுல இருந்து ஆயுத பூசைக்குத் தவுத்து அவ இங்க கால வெச்சதில்ல. நேரா இந்த ரூமுக்கு வந்து, என்ற சேர்ல உக்காந்து, பிரின்சிபாலக் கூப்பிட்டிருக்கறா. பையனோட டிசியத் தயார் பண்ணச் சொல்லியிருக்கறா. பிரின்சிபால் என் ஆளு, என்னைக் கேக்காம மூச்சு விடமாட்டாரு. “தாளாளர் வந்துரட்டுங்க மேடம்”னு மென்னு முழுங்கியிருக்கறாரு.

“லெட்டர்பேடுல சேர்மன்னு ஆரு பேரு போட்டிருக்குது? படிங்க”ன்னாளாம்.

படிச்சாராம். “மேடம் பேருதானுங்க.”

“அப்பப் பேனாவக் குடுங்க.”

அவ்வளவுதான். பீரோவுல இருந்து சர்ட்டிபிகேட்ட அவளே எடுத்து மடியில வெச்சுக் கொண்டாந்திருக்கறா. பையனையும் அவங்க அம்மாவையும் நம்ம கார்லயே ஈரோடு ஜங்சன்ல கொண்டு போயி விட்டிருக்கறா. வழிக்குத் தோசை கட்டிக் குடுத்தாளாமா. எத்தனைன்னு நான் கேக்கல.

நான் திரும்பி வந்த அன்னைக்குப் பொழுதோட கிரவுண்டுக்குப் போனேன். எல்லாப் பசங்களும் இருக்கறானுங்க, இவன் மட்டும் இல்ல. எவனும் என் மூஞ்சியப் பாக்கமாட்டேங்கறான். வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தப்ப, “அந்தப் பையன் எங்க போனான்னு தெரியுமா?”ன்னு சம்பூர்ணத்தக் கேட்டேன். சோத்தப் போட்டுட்டே சொல்றா, “நாந்தான் மெட்ராசுக்கு அனுப்பினேன்.”

“என்னையக் கேக்காமயா?”

“இத்தன வருசமா என்ன ஏதுன்னு சொல்லாம எங்கிட்டக் கையெழுத்து வாங்கினீங்க. ஒரு தடவ, என்ன ஏதுன்னு நானே படிச்சுப் பாத்துப் போட்டேன். ரசம் ஊத்தட்டுங்களா?”

நான் எலைய மடிச்சுட்டு எந்திரிச்சுட்டேன். பின்ன என்னங்க? ஒரு வாரத்துக்கு மேல ஊட்டுல சாப்பிடல. ஹாஸ்டல் மெஸ்ஸுலதான் சாப்பிட்டேன். அப்பத்தான் தெரிஞ்சுது, அந்தச் சாம்பார வெச்சுச் செவுத்துக்கு வெள்ளையடிக்கலாம்னு. மெஸ்ஸுக்காரன மாத்தினேன். நம்ம மெஸ்ஸு நல்லானது அதுல இருந்துதான், பெத்தவங்க ஆராச்சும் கேட்டா சொல்லுங்க.

அடுத்த வருஷம் பி.டி. இல்ல, பூவரசன் இல்ல. மண்டலத்துல மொத மேட்ச்சுலயே வெளிய வந்துட்டோம். இதத்தான நான் சொன்னேன்? சொன்னா ஆரு கேக்கறா? சம்பூர்ணத்துக்கு அந்தக் கையெழுத்துல ருசி கண்டுபோச்சு. வாரத்துல ரெண்டு நாளு ஆபீசுக்கு வர ஆரம்பிச்சா. எவனுக்குப் பெரிய காலேஜுல இருந்து கூப்பிட்டாலும் அவளே டிசி எழுதி அனுப்பறா. கோயமுத்தூருக்கு ஒருத்தன், மெட்ராசுக்கு ரெண்டு பேரு. அந்தக் குட்டைப் பையன் இருந்தான்ல, அவன் கேரளாவுல ஒரு காலேஜுல கேப்டனாமா. கப்பு? இன்னும் நாம கண்ணுல பாக்கல. அட்மிஷனா? அது ஃபுல்லுங்க. மூணு வருசமா வர்றவங்களத் திருப்பி அனுப்பறோம். சேலம், தர்மபுரி, உங்க திண்டுக்கல்லு, எங்கிருந்தெல்லாமோ பந்தக் கக்கத்துல இடுக்கிட்டு வர்றானுங்க. எல்லாம் ஃபிளெக்ஸ் பண்ற வேலைங்க. நான் மொதல்லயே சொன்னேன், ஃபிளெக்ஸ் பெருசா அடிச்சா அட்மிஷன் வரும்னு. சம்பூர்ணம் இதக் கேட்டாச் சிரிக்கறா. எதுக்குச் சிரிக்கறாளோ.

கிறிசோஸ்தத்துக்கு அப்புறம் வந்த பி.டி. ஒருத்தரும் நிலைக்கல. நான் கிரவுண்டுல வந்து நிக்கறது அவங்களுக்கு எடைஞ்சலாமா. என் எடத்துல நான் நின்னா எடைஞ்சலா? நீங்க அப்படியெல்லாம் நெனைக்க மாட்டீங்க, பாத்தாலே தெரியுது.

பூவரசன் கதைக்கு வரேன். மெட்ராஸ்ல போயி, யுனிவர்சிட்டிக்கு ஆடி, அங்கிருந்து அந்தக் கிளப்பு அவன எடுத்துக்கிச்சு. மொத மேட்ச்சு டிவியில வர்ற அன்னைக்கு நான் ஆடிட்டோரியத்துல பெரிய ஸ்கிரீன் கட்டினேன். மொத்தக் காலேஜும் உக்காந்திருக்குது. சொந்தபந்தம், ஒறம்பரையெல்லாம் கூப்பிட்டிருந்தேன். ரொம்ப நேரம் பையன வெளியவே உக்கார வெச்சிருந்தானுங்க. கடைசியில எறக்கினாங்க. எறங்கினவன் ஓரமா ஒரு ஓட்டம் ஓடி, இடது காலால ஒண்ணு தூக்கிப் போட்டான் பாருங்க, முன்னால நின்னவன் தலையால முட்டி உள்ள தள்ளிட்டான். நான் மேடையிலயே ஏறிட்டேன். ஆட்டம் முடிஞ்சு மைக்க நீட்டறாங்க. இந்த அளவுக்கு வந்திருக்கீங்க, ஆருக்கு நன்றி சொல்லுவீங்கன்னு. தமிழ்லயே கேட்டாங்க. நான் சட்டையச் சரி பண்ணிட்டு நிக்கறேன், எல்லாரும் என்னைப் பாப்பாங்களேன்னு.

“எங்கம்மாவுக்கு. கிறிசோஸ்தம் சாருக்கு. எங்க பாலிடெக்னிக் சேர்மன் சம்பூர்ணம் அம்மாவுக்கு”ன்னான்.

கை தட்டல்ல கூரை பேந்துரும் போல இருக்குது. எல்லாரும் திரும்பிச் சம்பூர்ணத்தப் பாக்கறாங்க. அவ கண்ணாடியக் கழட்டி முந்தானையில தொடைச்சுட்டு இருக்கறா. நான் மேடை மேல நிக்கறேன். எப்படி எறங்கறதுன்னே தெரியல அம்மிணி. ஒரு வார்த்தைங்க. என் பேரையும் சேத்துச் சொன்னா மைக்கு தேஞ்சா போயிரும்? கிரவுண்டு ஆரு போட்டது? முட்டை ஆரு குடுத்தது? வெயில்னு பாக்காம, மழைன்னு பாக்காம அந்தப் பைப்புக்குக் காவல் நின்னது ஆரு?

மனசு ஆறவே இல்ல. போன வருஷம் ஹூப்ளியில நம்ம வண்டி ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு, அதுக்குக் கம்ப்ரசர் பார்ட்ஸ் பாக்கப் போனேன். ஹூப்ளியில இருந்து கோவா பக்கந்தானுங்களே? அன்னைக்கு மேட்ச்சு இருக்குதுன்னு அங்க போனப்புறந்தான் தெரியும். டிக்கெட்டு மட்டும் முன்னாலயே வாங்கியிருந்தேன்.

நல்ல மழை. பூவரசன் ஆரம்பத்துல இருந்தே ஆடினான். ஆளு நெஞ்சு விரிஞ்சு, கழுத்துத் தடிச்சு, வேற ஆளா இருக்கறான், ஆனா காது மட்டும் அப்படியே நீட்டிட்டு இருக்குது. எதுத்தாப்புல நிக்கறவன் அங்கயும் தப்பான எடத்துலதான் நிக்கறான். அத்தன பெரிய கிளப்புலயும்! ரெண்டு தடவ கொடியத் தூக்கி நிறுத்தினாங்க. நான் விடல, தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்துல இருந்தவங்க எந்திரிச்சுத் தள்ளிப் போயி உக்காந்துட்டாங்க.

ஆட்டம் முடிஞ்சு அவங்க பஸ் நிக்கற எடத்துல போயி நின்னேன். பூவரசன் தூரத்துலயே பாத்துட்டான். “ஐயா!”ன்னு ஓடி வந்து அப்படியே கட்டிக்கிட்டான். ஒடம்பெல்லாம் சேறு. நலம் கூட விசாரிக்கலீங்க நான்.

“டிவியில என் பேர ஏண்டா சொல்லல?”ன்னேன்.

சிரிச்சுட்டே சொல்றான், “நீங்க டிசி குடுக்கலீங்களேய்யா?”

“முட்டை குடுத்தேன்ல?”

“ஆமாங்கய்யா. அது குடுத்தீங்க.”

பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு. அப்புறம் என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, கூட ஆடற பசங்ககிட்ட இந்தியில என்னமோ சொன்னான். எனக்கு இந்தி தெரியாதுன்னு நெனச்சுட்டான். சத்தீஸ்கர்ல பாதி ஆயுசு போச்சு, எனக்கா தெரியாது? “ரெண்டு ஆஃப்சைடுக்கும் கேலரியில நின்னு கத்தினாரே, அது எங்க ஐயாதான்”னு சொன்னான். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன், ஆறடிக்கு மேல இருப்பான், அவனுங்கூட வந்து கை குடுத்தான். எத்தன மருவாதிங்கறீங்க! எங்க ஐயான்னு சொன்னான். எங்க தாளாளர்னு கூடச் சொல்லல.

பஸ்ஸு கெளம்பிப் போச்சு. ஜன்னல்ல இருந்து கை காட்டினான். நானும் காட்டினேன். அது மறையற வரைக்கும் காட்டிட்டு நின்னேன். மழைங்களா, கண்ணாடியெல்லாம் நனைஞ்சு, ரூமுக்குப் போற வழியே தெரியல எனக்கு.

சரி, உங்க விசயத்துக்கு வரேன். எனக்கு முழுச் சம்மதம். ஆனா ஆர்டர் சேர்மன்தான் குடுப்பா, ஊட்டுல இருக்கறா, சென்னியப்பன் கூட்டிட்டுப் போவான். போனவுடனே தட்டப் போடுவா, வேண்டாம்னுறாதீங்க. பொம்பளப் புள்ளைகளுக்கும் ஒரு டீம் வேணும்னு நிக்கறா. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டதே. வெக்கட்டும், எனக்கென்ன?

எனக்கு ஒரே ஒரு கண்டிசன். வர்ற புள்ளைகள்ல எவளாச்சும் ஒருத்தி, இந்தக் கிரவுண்டு இவளுக்குப் பத்தாதுன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லோணும். சம்பூர்ணத்துக்கிட்ட இல்ல. எங்கிட்ட. கோயமுத்தூரோ, மெட்ராஸோ, எங்க வேணும்னாலும் நானே அனுப்பறேன். அந்த டிசியில என் கையெழுத்துத்தான் இருக்கோணும்.

இதுக்குன்னே டிரஸ்ட்ட என் பேருக்கு மாத்திக் குடுங்கன்னு ஆடிட்டர்கிட்டச் சொல்லியிருக்கறேன். காகிதமெல்லாம் தயாராத்தான் இருக்குது. ஆனா அதுலயும் சேர்மன் கையெழுத்துப் போடோணுமாமா. ஆறு மாசமா மேசை மேல கெடக்குது, படிச்சுட்டு இருக்கறேங்கறா.

சாப்பிடறப்போ பேச்சோட பேச்சா நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்க, அம்மிணி.